ஒரே கேம்ப், ரெண்டு பாசிட்டிவ் ரிப்போர்ட், ஆனா ரெண்டு விதமான பதில்: ஏன் டாக்டர்?

வாசகர் கேள்வி:

வணக்கம் டாக்டர் மேடம். எனக்கு 39 வயசுங்க, எங்க அக்காவுக்கு 44. ஈரோடு பக்கம் ஊரு. எங்க ஏரியாவுல நடந்த ஒரு கேம்ப்ல ரெண்டு பேரும் சேந்து போய், கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு காரணமான ஹெச்பிவி வைரஸ் இருக்கான்னு பாக்கிற டெஸ்ட் குடுத்தோம், ரிப்போர்ட் வாட்ஸ்அப்ல வந்துச்சு. எனக்கு ஹெச்பிவி 16 பாசிட்டிவ்னு போட்டிருக்கு. அக்காவுக்கு 16, 18 ரெண்டும் நெகட்டிவ், அதர் ஹை ரிஸ்க் மட்டும் பாசிட்டிவ். கர்ப்பப்பை வாய்ல செல் எடுத்துப் பாக்கிற பாப் ஸ்மியர் ரெண்டு பேருக்குமே நார்மல். அக்காவை ஒரு வருஷம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிட்டாங்க, என்னைய மட்டும் கால்போஸ்கோபிக்கு, அதாவது கர்ப்பப்பை வாயை லென்ஸ் வச்சுப் பாக்கிற டெஸ்டுக்கு, வரச் சொல்றாங்க. ஆனா வெள்ளைப்படுதல், இடுப்பு வலி எல்லாம் அக்காவுக்குத்தான் இருக்கு, எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. வீட்டுல எல்லாரும் அக்காவைத்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா கூட்டிட்டு அலையுறாங்க, சொந்தத்துல ஒரு நர்ஸ் அக்கா கர்ப்பப்பையை எடுத்துட்டா நிம்மதின்னு சொல்றாங்க. எனக்கு பாப் நார்மல்தானே, தீபாவளி கழிச்சு பாத்துக்கலாமான்னு இருக்கேன். இன்னொரு விஷயம், இது உடலுறவு மூலமா வர்றதுன்னு தெரிஞ்ச நாள்ல இருந்து வீட்டுக்காரர் முகம் குடுத்துப் பேச மாட்டேங்கிறார். 13 வயசுல பொண்ணு, 10 வயசுல பையன் இருக்காங்க. அவங்களுக்கு ஹெச்பிவி தடுப்பூசி போடலாமா?

டாக்டர் பதில்:

வணக்கம்மா. முதல்ல பதிலைச் சொல்லிடறேன், விளக்கம் அப்புறம். தீபாவளி வரைக்கும் தள்ளாதீங்க. கால்போஸ்கோபிக்கு போக வேண்டியது நீங்கதான், இந்த மாசத்துக்குள்ள போயிடுங்க. அக்காவை விட்ருங்க, அவங்க அடுத்த வருஷம் வந்தா போதும், கர்ப்பப்பை எல்லாம் அது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். உங்க வீட்டுல ஆளை மாத்திப் பிடிச்சுக்கிட்டு அலையுறாங்க.

இதுக்கு நான் அவங்களை குத்தம் சொல்ல மாட்டேன். சிவப்பு எழுத்துல பாசிட்டிவ்னு போட்டு ஒரு பிடிஎஃப்பை வாட்ஸ்அப்ல தட்டி விட்டுட்டு, அதுக்கு என்ன அர்த்தம்னு ஒரு வரி கூட எழுதாம இருக்காங்க பாருங்க, அவங்க மேலதான் எனக்கு கோவம். வாரத்துக்கு ரெண்டு மூணு பேராவது இந்த பிடிஎஃப்பை செல்போன்ல காட்டி அழுதுட்டு வர்றாங்க, அதுல பாதிப் பேருக்கு பயப்பட ஒண்ணுமே இருக்காது, பயப்பட வேண்டியவங்க உங்கள மாதிரி தைரியமா வீட்டுல இருக்காங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். ஹெச்பிவின்னு சொல்றோமே, அது ஒரே ஒரு வைரஸ் கிடையாது. 200க்கு மேல டைப் இருக்கு. ஒரு பெரிய குடும்பத்து ஆளுங்க மாதிரி, பேரு ஒண்ணு, குணம் வேற வேற. கையில கால்ல வர்ற சாதாரண மரு கூட இந்தக் குடும்பத்து வைரஸ்தான். பிறப்புறுப்புப் பக்கம் வர்றது சுமார் 40 டைப். அதுலயும் 6, 11ன்னு ரெண்டு நம்பர் இருக்கு, அந்த இடத்துல வர்ற மருக்கள்ல பத்துக்கு ஒன்பது அதுங்களாலதான், பாக்க அசிங்கமா இருக்கும், ஆனா கர்ப்பப்பை வாய்ல கேன்சரா மாறுறது இல்லன்னே சொல்லலாம். கேன்சருக்கு காரணமா இருக்கறது ஒரு டஜன் சொச்சம், 16, 18, 31, 33, 35, 39, 45, 51, 52, 56, 58, 59ன்னு போகும். நம்பர் பெருசா இருந்தா ஆபத்து பெருசுன்னு சில பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, அது கண்டுபிடிச்ச வரிசை அவ்வளவுதான்.

இந்த ஒரு டஜன்லயும் எல்லாம் சமம் இல்லங்கறதுதான் உங்க கேள்விக்கு பதில். உலகம் பூரா வர்ற கர்ப்பப்பை வாய் புற்றுநோய்ல சுமார் 70 சதவீதம் 16, 18 இந்த ரெண்டால மட்டும் வருது, அதுலயும் 16 மட்டுமே பாதிக்கு மேல. நம்ம நாட்டுல இந்த ரெண்டோட பங்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். மீதி இருக்கிற பத்து பன்னெண்டு டைப்பும் சேந்து பாக்கியைப் பங்கு போட்டுக்குதுங்க. அதனாலதான் லேப் மெஷின்ல 16ஐ தனியா, 18ஐ தனியா காட்டிட்டு மத்ததை எல்லாம் ஒரே மூட்டையா கட்டி அதர் ஹை ரிஸ்க்னு போடுறாங்க. உங்க அக்கா ரிப்போர்ட்ல இருக்கறது அந்த மூட்டை.

வித்தியாசம் எவ்வளவுன்னு கேட்டா, அமெரிக்காவுல போர்ட்லண்ட்ல 20,000 பெண்களுக்கு மேல டெஸ்ட் எடுத்துட்டு 10 வருஷம் கவனிச்சாங்க. 16 இருந்தவங்கள்ல 100க்கு 17 பேருக்கு அந்த 10 வருஷத்துக்குள்ள கேன்சருக்கு முந்தின நிலை, இல்ல அதுக்கும் மேல, வந்துச்சு. 18 இருந்தவங்களுக்கு 100க்கு கிட்டத்தட்ட 14. மத்த ஹை ரிஸ்க் டைப் மட்டும் இருந்தவங்களுக்கு 100க்கு 3. இப்ப புரியுதா, ஏன் அக்காவை ஒரு வருஷம் கழிச்சு வரச் சொல்லிட்டு உங்களை உடனே கூப்பிடறாங்கன்னு? 17ன்னா மீதி 83 பேருக்கு அப்படி ஒண்ணும் வரலங்கறதையும் சேத்துப் பாருங்க, உங்களை பயமுறுத்த இதைச் சொல்லல, எழுந்து ஆஸ்பத்திரிக்கு போக வைக்கத்தான் சொல்றேன்.

ஒரே குடும்பத்துல 16க்கு மட்டும் ஏன் இந்த வேகம்னா, இந்த வைரஸ் இ6, இ7ன்னு ரெண்டு புரதம் தயார் பண்ணும். நம்ம செல்லுக்குள்ள பி53ன்னு ஒரு புரதம் இருக்கு, டிஎன்ஏல கோளாறு வந்தா செல்லை நிறுத்தி வைக்கும், சரியாகலன்னா அந்த செல்லையே சாகடிச்சிடும். ஆர்பின்னு இன்னொண்ணு இருக்கு, அது செல் கண்டபடி பெருகாம தடுக்கும். ஹை ரிஸ்க் டைப்போட இ6 போய் பி53ஐ அழிக்குது, இ7 போய் ஆர்பியை முடக்குது, ரெண்டு காவலும் போயிடுச்சுன்னா செல் தன் இஷ்டத்துக்கு பெருகும், கோளாறு மேல கோளாறு சேரும். 6, 11 மாதிரி டைப்லயும் இதே ரெண்டு புரதம் உண்டு, ஆனா அதுங்களோட பிடி ரொம்ப பலவீனம். 18க்கு இன்னொரு கெட்ட பழக்கம் இருக்கு, அது கர்ப்பப்பை வாயோட உள்பாதையில இருக்கிற சுரப்பி செல்கள்ல உக்காந்துக்கும், பாப் ஸ்மியர் பிரஷ் அங்க சரியா எட்டாம போகலாம். 1951ல அமெரிக்காவுல பால்டிமோர்ல ஹென்ரியட்டா லாக்ஸ்னு ஒரு அம்மா இந்த கேன்சர்லதான் இறந்தாங்க, அவங்க கட்டியில இருந்து எடுத்த செல்தான் இன்னிக்கும் உலகத்துல அத்தனை லேப்லயும் ஹீலா செல்னு வளந்துட்டு இருக்கு, பிற்பாடு அதைப் பரிசோதிச்சப்ப உள்ள இருந்தது 18. ஜெர்மனியில ஹரால்ட் ஸுர் ஹவுசனோட குழுதான் 1983ல 16ஐயும் 84ல 18ஐயும் கேன்சர் கட்டியில இருந்து பிரிச்சு எடுத்துக் காட்டினாங்க, அது வரைக்கும் பல பேரு ஹெர்பிஸ் வைரஸைத்தான் சந்தேகப்பட்டுட்டு இருந்தாங்க. 2008ல அவருக்கு நோபல் குடுத்தாங்க.

இப்ப உங்க "பாப் நார்மல்தானே" விஷயம். பாப் ஸ்மியர்ங்கறது மேலாப்ல சுரண்டி எடுத்த செல்லை மைக்ராஸ்கோப்ல ஒருத்தர் உக்காந்து பாக்கறது. எடுக்கும்போது சரியான இடத்துல எடுக்கணும், ஸ்லைடு சரியா வரணும், பாக்கறவங்களுக்கும் அனுபவம் இருக்கணும். ஒரே ஒரு தடவை எடுத்த பாப், மாற்றம் இருக்கிறவங்கள்ல நிறைய பேரைத் தவற விட்டுடும், இது உலகம் பூரா தெரிஞ்ச விஷயம். அதுலயும் பாப் சொல்றது இன்னிக்கு செல் எப்படி இருக்குன்னு மட்டும்தான். ஹெச்பிவி டெஸ்ட் சொல்றது இனிமே எப்படி ஆகலாம்ங்கறதை. அதனால 16 இல்ல 18 பாசிட்டிவ்னா பாப் என்ன சொன்னாலும் கால்போஸ்கோபி பாத்துடணும், இதுல வாதமே கிடையாது. அக்காவோட மூட்டைக்கு பாப் நார்மலா இருந்தா ஒரு வருஷம் பொறுக்கலாம், ஏன்னா பத்துல ஒன்பது தொற்று ரெண்டு வருஷத்துக்குள்ள நம்ம உடம்பே விரட்டிடும். அடுத்த வருஷமும் பாசிட்டிவாவே இருந்துச்சுன்னா அப்ப அவங்களுக்கும் கால்போஸ்கோபி. வைரஸ் வந்துட்டுப் போறது பெரிய விஷயம் இல்லம்மா, வருஷக்கணக்குல தங்குறதுதான் ஆபத்து. நல்லா எதிர்ப்பு சக்தி இருக்கிற பெண்ணுக்கு தொற்று கேன்சரா மாற சாதாரணமா 15, 20 வருஷம் ஆகும், ஹெச்ஐவி இருந்து மருந்து எடுக்காதவங்களுக்கு 5, 10 வருஷத்துலயே ஆகலாம்.

அக்காவோட வெள்ளைப்படுதலும் இடுப்பு வலியும் ஹெச்பிவியால இல்ல. தொற்று கட்டத்துலயும் சரி, கேன்சருக்கு முந்தின கட்டத்துலயும் சரி, இந்த வைரஸ் எந்த அறிகுறியும் காட்டாது, உங்களுக்கு ஒண்ணுமே இல்லாம இருக்கறதும் அதனாலதான், அதை வச்சு நான் நல்லா இருக்கேன்னு முடிவு பண்ணக்கூடாது. அக்கா வெள்ளைப்படுதலுக்கு தனியா ஒரு டாக்டரைப் பாத்து மருந்து எடுத்துக்கட்டும், சுகர் இருக்கான்னும் பாத்துக்கட்டும். ஆனா உறவுக்கு அப்புறம் ரத்தம், மாதவிடாய்க்கு நடுவுல ரத்தம், மாதவிடாய் நின்னுபோன பிறகு ரத்தம், நாத்தத்தோட நீர் மாதிரி போறது, இதுல எது வந்தாலும் ஒரு வருஷக் கணக்கெல்லாம் பாக்காம மறுநாளே வரணும், ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

அந்த நர்ஸ் அக்கா சொன்ன கர்ப்பப்பை எடுக்கிற யோசனைக்கு வரேன், எனக்கு ரத்தக் கொதிப்பு ஏத்துற விஷயம் இது. நம்ம ஊருல பெண்ணுக்கு நாப்பது தாண்டி ரெண்டு பிள்ளை பிறந்துட்டா கர்ப்பப்பையை வேண்டாத சாமான் மாதிரி பேசுவாங்க. ஹெச்பிவி தொற்றுக்கு கர்ப்பப்பையை எடுக்கறது வைத்தியமே இல்ல. வைரஸ் யோனிப் பகுதியிலயும் இருக்கும், கர்ப்பப்பை போன பிறகும் அங்க தங்கலாம். இதைவிடக் கொடுமை ஒண்ணு இருக்கு: சரியா பரிசோதிக்காம அவசரத்துல எடுத்துட்டு, அப்புறம் எடுத்த சதையை லேப்ல சோதிக்கிற பயாப்சியில உள்ளே ஏற்கெனவே கேன்சர் இருந்துச்சுன்னு தெரிய வந்தா, அதுக்கு செய்ய வேண்டிய ஆபரேஷனே வேற, அரைகுறையா வெட்டின இடத்துல மறுபடி வைத்தியம் பண்றது ரொம்ப கஷ்டம். அதனால அந்த அக்காகிட்ட மரியாதையா ஒரு நன்றி சொல்லி அனுப்பிடுங்க.

கால்போஸ்கோபி பேரைக் கேட்டாலே ஏதோ ஆபரேஷன்னு நினைச்சுடறாங்க. மயக்க மருந்து கிடையாது, அட்மிஷன் கிடையாது. கேம்ப்ல டெஸ்ட் எடுக்கும்போது படுத்தீங்களே அதே மாதிரி படுக்கணும், ஸ்பெகுலம் வச்சு கர்ப்பப்பை வாயை விரிச்சுப் பிடிப்பாங்க, கால்போஸ்கோப்ங்கறது வெளிய நிக்கிற ஒரு பெரிய லென்ஸ், அது உடம்புக்குள்ள போகாது. பஞ்சுல அசிட்டிக் ஆசிட் தொட்டு வைப்பாங்க, வினிகர்ல இருக்குமே அதேதான், லேசா எரியும். ஒரு நிமிஷம் விட்டுப் பாத்தா மாற்றம் இருக்கிற இடம் மட்டும் வெள்ளையாத் திட்டா தெரியும். அப்புறம் அயோடின் தடவுவாங்க, நல்ல தோல் கரும்பழுப்பா மாறும், சந்தேகமான இடம் கலர் ஏறாம மஞ்சளா நிக்கும். அந்த இடத்துல இருந்து அரிசி சைஸுக்கு ஒரு துணுக்கு கிள்ளி பயாப்சிக்கு அனுப்புவாங்க, சுருக்குன்னு இருக்கும், ரெண்டு மூணு நாள் லேசா ரத்தம் படும். மொத்தமே கால் மணி நேர வேலை. மாதவிடாய் நாள்ல மட்டும் போகாதீங்க, போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி இருந்து உறவு வேண்டாம், உள்ள வைக்கிற மாத்திரை எதுவும் வேண்டாம்.

இந்த அசிட்டிக் ஆசிட் டெஸ்ட் நம்ம ஊருக்கு புதுசும் இல்ல. 2000ல ஆரம்பிச்சு திண்டுக்கல் மாவட்டத்துல 30ல இருந்து 59 வயசு வரைக்கும் இருந்த பெண்களுக்கு, பயிற்சி குடுத்த நர்ஸுங்களே வெறும் கண்ணால இதைப் பாத்து, மாற்றம் இருந்தவங்களுக்கு வைத்தியமும் பண்ணாங்க. 2007ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல ரிசல்ட் வந்துச்சு, ஒரே ஒரு தடவை பாத்ததுக்கே அந்தக் கிராமங்கள்ல கர்ப்பப்பை வாய் கேன்சர் சாவு 35 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. மகாராஷ்டிராவுல உஸ்மானாபாத்ல ஒரே தடவை ஹெச்பிவி டெஸ்ட் எடுத்துப் பாத்தாங்க, 2009ல வந்த அந்த ரிசல்ட்ல சாவு கிட்டத்தட்ட பாதியாச்சு. கேம்ப்ல நீங்க போய் குடுத்த டெஸ்டோட மதிப்பு அதுதான், பாதி வேலையை முடிச்சுட்டீங்க, மீதிப் பாதிக்குத்தான் தீபாவளியைக் காரணம் காட்டுறீங்க.

பயாப்சி ரிப்போர்ட் என்னவா வரும்னு முன்கூட்டி யாராலயும் சொல்ல முடியாது, ஆனா வழி எல்லாத்துக்கும் இருக்கு. ஒண்ணும் இல்லன்னு வந்தா ஒரு வருஷத்துல மறுபடி ஹெச்பிவி டெஸ்ட். கேன்சருக்கு முந்தின மாற்றத்தை சின் 1, 2, 3ன்னு படிப்படியா பிரிப்பாங்க. சின் 1னு வந்தா பெரும்பாலும் தானா சரியாயிடும், கவனிச்சுட்டு இருந்தா போதும். சின் 2, சின் 3னு வந்தா வைத்தியம் பண்ணணும், காரணம் சின் 3ஐ அப்படியே விட்டா என்ன ஆகும்னு நியூசிலாந்துல ஒரு ஆஸ்பத்திரியில நடந்த அநியாயத்துல இருந்து நமக்குத் தெரியும், அங்க ஒரு டாக்டரோட பிடிவாதத்தால பல பெண்களுக்கு சரியான வைத்தியம் குடுக்காமலே விட்டுட்டாங்க, அப்படி விட்டவங்கள்ல 30 வருஷத்துல 100க்கு சுமார் 30 பேருக்கு கேன்சர் வந்துச்சு. வைத்தியம் பெரிய சமாச்சாரம் இல்ல. சூடு வச்சு அந்த இடத்தைக் கருக்கறது ஒரு முறை, தெர்மல் அப்ளேஷன்னு பேரு. இல்லன்னா மரத்துப்போற ஊசி போட்டு ஒரு மெல்லிய கம்பி வளையத்தால அந்தப் பகுதியை மட்டும் சீவி எடுக்கறது, லீப்னு சொல்வாங்க. அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம், ரெண்டு மூணு வாரம் நீர் மாதிரி படும், நாலு வாரம் உறவு கூடாது, வெயிட் தூக்க வேண்டாம். 6 மாசத்துல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப ஹெச்பிவி டெஸ்ட் எடுத்துப் பாக்கணும், அதை மட்டும் விட்டுடாதீங்க.

வைரஸை விரட்ட மாத்திரை கேட்காதீங்க, இன்னிக்கு வரைக்கும் அப்படி ஒரு மாத்திரை கிடையாது. யூடியூப் பாத்துட்டு எதிர்ப்பு சக்தி பவுடர், ஜெல்னு ஆயிரக்கணக்குல காசைக் கரைச்சுட்டு வர்றாங்க, வேண்டாம்.

உங்க வீட்டுக்காரர் விஷயம்தான் நீங்க கடைசியில தயங்கித் தயங்கி எழுதியிருக்கீங்க, எனக்கு அது முதல்ல கண்ணுல பட்டுச்சு. இந்தப் பாராவை அப்படியே அவர்கிட்ட காட்டுங்க. ஐயா, உறவு வாழ்க்கை இருக்கிற ஆண் பெண் எல்லார்லயும் பெரும்பாலானவங்களுக்கு வாழ்க்கையில ஒரு தடவையாவது இந்த வைரஸ் வந்துட்டுப் போகும், வந்ததே தெரியாது. பல வருஷம் சத்தம் இல்லாம உள்ள இருந்துட்டு 39 வயசுல டெஸ்ட்ல தெரியலாம், கல்யாணம் ஆன புதுசுல உங்ககிட்ட இருந்தே வந்திருக்கலாம், உங்களுக்கே தெரியாம. யார்கிட்ட இருந்து எப்ப வந்துச்சுன்னு சொல்ற டெஸ்ட் உலகத்துலயே இல்ல. அதனால இதை வச்சு உங்க மனைவி மேல சந்தேகப்பட ஒரு நியாயமும் இல்ல, அவங்க உங்க மேல சந்தேகப்படவும் நியாயம் இல்ல. ஆம்பளைங்களுக்கு இதுக்குன்னு வழக்கமா எடுக்கிற டெஸ்ட் கிடையாது, நீங்க போய் எதுவும் எடுக்க வேண்டாம். தாம்பத்யத்தை நிறுத்தவும் தேவையில்ல. பீடி சிகரெட் பழக்கம் இருந்தா அதை விடுங்க, வீட்டுக்குள்ள ஊதற புகை அவங்க உடம்புக்கும் நல்லதில்ல. கால்போஸ்கோபிக்கு போற அன்னிக்கு ஒரு நாள் லீவு போட்டுட்டு கூடப் போங்க.

பொண்ணுக்கு ஊசி கண்டிப்பா போடுங்கம்மா, 13 வயசு சரியான வயசு. வைரஸ் வர்றதுக்கு முன்னாடி போட்டாத்தான் முழுப் பலன், வந்த டைப்பை ஊசியால விரட்ட முடியாது, உங்களுக்கு இப்ப ஊசி போடறதால இருக்கிற 16 போகாது, அந்தக் காசை பொண்ணுக்கு செலவு பண்ணுங்க. 15 வயசுக்குள்ள ஆரம்பிச்சா 6 மாச இடைவெளியில ரெண்டு டோஸ், 15க்கு மேல போனா மூணு. ஒரு டோஸே நல்லா வேலை செய்யுதுன்னு 2022ல உலக சுகாதார நிறுவனமும் ஏத்துக்கிச்சு, அதுக்கு ஆதாரமா இருந்த ஆய்வுகள்ல ஒண்ணு நம்ம இந்தியாவுல நடந்ததுதான். புனேல சீரம் இன்ஸ்டிடியூட் பண்ற செர்வாவேக், 6, 11, 16, 18 நாலுக்கும் பாதுகாப்பு, வெளிநாட்டு ஊசியைவிட விலை ரொம்ப கம்மி. வெளிநாட்டு ஊசியான கார்டசில் 9ல அது கூட 31, 33, 45, 52, 58 சேரும், வசதி இருந்தா போடலாம், இல்லன்னா கடன் வாங்கி எல்லாம் போட வேண்டாம், முக்கியமான ரெண்டு நம்பர் ரெண்டு ஊசியிலயும் இருக்கு. அரசு பக்கம் இலவசமா கிடைக்குதான்னு உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

இதைப் போட்டா பிள்ளை பிறக்காதுன்னு வாட்ஸ்அப்ல சுத்துறதை நம்பாதீங்க, அப்படி எதுவும் இல்ல. ஊசிக்குள்ள இருக்கறது வைரஸோட வெளி உறை மாதிரி செஞ்ச புரதம்தான், உள்ள வைரஸ் கிடையாது. ஸ்காட்லாந்துல 12, 13 வயசுல ஸ்கூல்லயே ஊசி போட்டுக்கிட்ட பெண்கள்ல ஒருத்தருக்குக் கூட கர்ப்பப்பை வாய் கேன்சர் வரலன்னு 2024ல ரிசல்ட் வந்துச்சு. இந்த வயசுப் பிள்ளைங்க எந்த ஊசி போட்டாலும் சில நேரம் மயக்கம் போட்டுடும், அதனால சாப்பிட வச்சுக் கூட்டிட்டுப் போங்க, போட்ட பிறகு கால் மணி நேரம் அங்கயே உக்கார வைங்க. கை வலிக்கும், லேசா ஜுரம் வரலாம், ஒரு பாரசிட்டமால் போதும். ஊசி போட்டாச்சுன்னு பிற்காலத்துல டெஸ்ட் எடுக்காம இருக்கக் கூடாது, 30 வயசுக்கு மேல அவளும் எடுக்கணும், எல்லா டைப்பும் ஊசியில அடங்காது.

பையனுக்கும் போடலாம், 9 வயசுல இருந்து ஆண் பிள்ளைகளுக்கும் செர்வாவேக் அனுமதி இருக்கு, தொண்டையிலயும் ஆசனவாய்லயும் வர்ற சில கேன்சருக்கும் இதே 16தான் காரணம். ஆனா கையில காசு அளவாத்தான் இருக்குன்னா முதல்ல பொண்ணுக்கு முடிச்சுடுங்க, பையனுக்கு 10 வயசுதானே, இன்னும் டைம் இருக்கு.

பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் அதுல இருக்கிற வார்த்தையை அப்படியே எழுதி அனுப்புங்க, "பரவாயில்லன்னு சொன்னாங்க"ன்னு மட்டும் எழுதாதீங்க, அதை வச்சு என்னால ஒண்ணும் சொல்ல முடியாது.